நான் திருப்பிவிட்ட அம்புக்குறி

1. வெள்ளிக்கிழமை

உயர்தர விலங்கியல் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, பரமலிங்கம் சேர் என் மேசைக்கு வந்து ஒரு ரோனியோ தாளை வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். அறைந்தார் என்பதே சரி.

"பிள்ளை, இந்தப் படத்தை ஆர் கீறினது?"

"நாந்தான் சேர். நீங்க குடுத்ததப் பாத்து ஸ்டென்சில்ல கீறுனேன்."

"நான் தந்தது இப்பிடியோ இருந்தது?"

"இல்லைங்க சேர். அதுல கொஞ்சம் தப்பு இருந்துச்சு. நான் திருத்திட்டேன்."

இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடுகிறது. ஆறு பாடவேளையும் நின்றபடியே படிப்பிக்கும் மனிதர், அன்றைக்கு என் எதிரில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டவில்லை.

அப்போது நான் பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். எங்கள் வரிசையிலிருந்து அலுவலகத்துக்குப் போன முதல் ஆள். அதனால் எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே நினைப்பு இருந்தது.

2. ஸ்டென்சில் வெட்டுவது எப்படி, நான் வெட்டியது எப்படி

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஸ்டென்சில் தெரியாது. அது மெழுகு பூசிய மெல்லிய தாள். தட்டச்சு மெஷினின் ரிப்பனை விலக்கிவிட்டு வெறும் எழுத்தால் அடித்தால் மெழுகு வெட்டுப்படும். அந்தத் தாளை ரோனியோ மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், வெட்டுப்பட்ட இடம் வழியாக மை இறங்கி ஒவ்வொரு பிரதியாக விழும். படம் என்றால், மூலத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் ஸ்டென்சிலை வைத்து, ஊசிமுனைப் பேனாவால் கீற வேண்டும். பிழை விட்டால் சிவப்புத் திரவம் ஒன்று இருக்கிறது. சின்னப் போத்தல், மூடியிலேயே பிரஷ். பூசி, ஊதிக் காயவைத்து, மேலே மறுபடியும் அடிக்கலாம்.

அந்தச் சிவப்புப் போத்தல் எனக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே செலவானது. அதிபரின் கடிதங்களில் சந்திப்பிழை இருந்தால் கேட்காமலே திருத்தி அடிப்பேன். "இந்தப் பிள்ள கையில குடுத்தாப் போதும், பெறகு பாக்கவே வேணாம்" என்று அவர் ஒருதரம் சொல்லிவிட்டார். அந்த ஒரு வசனம் என்னைக் கெடுத்தது.

பரமலிங்கம் சேர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். உயிரியல் படிப்பிக்க எங்களுக்கு அவர் ஒருவர்தான். பரீட்சை விடுமுறை விடுவதற்கு முன் பிறப்புரிமையியலுக்குப் பதினெட்டுப் பக்கக் குறிப்பு எழுதித் தந்தார். வழக்கமாக ஸ்டென்சிலை வாங்கித் தானே ஒருதரம் வாசித்துப் பார்ப்பார். அந்த முறை அவருக்கு இழுப்பு. "நீங்க பாக்கத் தேவையில்ல சேர், நான் பாத்துட்டேன்" என்று சொல்லி நானே சுற்றிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில்தான் அந்தப் படம். டி.என்.ஏ. தன்னைத்தானே இரட்டிப்பதைக் காட்டும் படம். முறுக்கின கயிறு ஒரு முனையில் பிரிந்து கவட்டை மாதிரி இரண்டாகப் போகிறது. பிரிந்த ஒவ்வொரு பழைய இழைக்கும் பக்கத்தில் ஒரு புது இழை வளருகிறது. ஒன்றில் நீளமாக ஒரே அம்புக்குறி கவட்டையைப் பார்த்துப் போனது. மற்றதில் கோடு துண்டுதுண்டாக விட்டுவிட்டு இருந்தது, அம்புகளும் கவட்டைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தன. முனைகளில் போட்டிருந்த எண்களும் மாறியிருந்தன. ஒரு இழையில் 5 இருக்கும் இடத்தில் பக்கத்து இழையில் 3.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கொழுந்து மலையில் தேயிலை நிரை பிடித்து ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் ஏறுவார்கள். இந்தப் பக்கத்து நிரை மேலே போகும்போது அந்தப் பக்கத்து நிரை கீழே இறங்கினால் கங்காணி சும்மா விடமாட்டார். ஆகவே சேர் இழுப்போடு கீறியிருக்கிறார், பேனா மை நின்று நின்று வந்திருக்கிறது, அம்பையும் எண்ணையும் மாற்றிப் போட்டுவிட்டார் என்று தீர்மானித்தேன். விட்டுப்போன கோடுகளை இணைத்தேன். அம்புகளை ஒரே பக்கம் திருப்பினேன். 5க்குப் பக்கத்தில் 5, 3க்குப் பக்கத்தில் 3. படத்தின் கீழே அவர் 'எதிர்ச்சமாந்தரமாக' என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. 'எதிரெதிரே சமாந்தரமாக' என்று அழகாக அடித்துவிட்டேன்.

3. லிகேசுக்கு வேலை இல்லாமல் போனது

"பிள்ளை, லயத்தில ஒரு பாயில ரெண்டு பேர் எப்பிடிப் படுப்பினம்?" என்று சேர் கேட்டார்.

"தலமாடு கால்மாடா, சேர்."

"ஓம். இந்த ரெண்டு இழையும் அப்பிடித்தான் கிடக்கும். ஒண்டின்ர தலை இருக்கிற இடத்தில மற்றதின்ர கால். அதுதான் அந்த அஞ்சும் மூண்டும். பிரதி எடுக்கிற நொதியம் இருக்கெல்லே, பொலிமரேஸ், அதுக்கு ஒரு திசையிலதான் எழுதத் தெரியும். ஒரு இழையில நேரே ஓடிப்போகும். மற்ற இழையில திசை எதிர். அப்ப என்ன செய்யும்?"

"துண்டு துண்டா…"

"கொஞ்சம் பிரிஞ்சதும் திரும்பி நிண்டு ஒரு துண்டு. இன்னும் கொஞ்சம் பிரிஞ்சதும் இன்னொரு துண்டு. பிறகு லிகேஸ் எண்ட நொதியம் வந்து துண்டுகளை ஒட்டும். நீர் கோட்டை ஒட்டிப்போட்டீர். லிகேசுக்கு வேலையே இல்லாமல் செய்துபோட்டீர்."

சிரிக்கிற மாதிரிச் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. மனித உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் இந்த வேலையைச் செய்வது ஒரு புரதம் அல்ல, ஒரு கூட்டம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்று முறுக்கைப் பிரிக்கும். ஒன்று பிரிந்த இழை திரும்ப ஒட்டாமல் பிடித்துக்கொள்ளும். ஒன்று தொடக்கத் துண்டை வைக்கும். அதிலிருந்து பொலிமரேஸ் எழுதும். அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்று அப்போது யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. செய்கிற வேலையை வைத்துத்தான் ஆளை ஊகித்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு சஞ்சிகையில் படம் பார்த்தேன். எழுதும் புரதம் பாதி மூடிய வலது கை மாதிரி இருந்தது. பெருவிரல், மற்ற விரல்கள், எழுத்து வைக்கும் இடம் உள்ளங்கையில். கை நழுவாமல் இருக்க இழையைச் சுற்றி ஒரு வளையம். பிழையை வெட்டும் இடம் மட்டும் உள்ளங்கையை விட்டுத் தள்ளி இருந்தது. எழுதும் இடம் வேறு, வெட்டும் இடம் வேறு. அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொலிமரேஸ் பிழை விடாதுங்களா சேர்?" என்று கேட்டேன். ஏதோ ஆறுதல் தேடித்தான் கேட்டேன்.

"விடும். வைச்ச எழுத்து பொருந்தேல்லை எண்டால் ஒரு அடி பின்னுக்கு வந்து, அதை வெட்டி எறிஞ்சுபோட்டு வேற வைக்கும். அதுவும் திருத்துது, நீரும் திருத்துறீர். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு யோசிச்சுப் பாரும்."

யோசிக்கிற நிலையில் நான் இல்லை. குறிப்பு நாலு பேருக்குப் போயிருந்தது. மூன்று பேர் டவுனிலேயே இருந்தார்கள். அதில் ஒரு பையன் சந்தேகம் கேட்டு வந்துதான் பிழை பிடிபட்டது. மற்ற இருவரையும் மாலைக்குள் தேடிப் பிடித்துவிடலாம். நாலாவது ஆள் செல்வராணி. மடுல்சீமையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்தும் மூன்று மைல் தள்ளி, ஒரு தோட்டத்து மேல் டிவிஷனில் இருந்தாள்.

செல்வராணி அப்பாவிடம் இரண்டாம் தடவை பரீட்சை எழுதக் கெஞ்சிக் கூத்தாடித்தான் அனுமதி வாங்கியிருந்தாள். முதல் தடவை கொஞ்ச மார்க்கில் பல்கலைக்கழகம் தவறிப்போனது. இந்த முறையும் தவறினால் தோட்டத்தில் பேர் பதிவது என்று வீட்டில் பேச்சு. பேர் பதிவது என்றால், செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பெயர் ஏறி, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்துக் கூடையோடு நிற்பது. ஏறின பெயர் லேசில் இறங்காது. எனக்குத் தெரியாததா? என் அக்கா பெயர் அப்படித்தான் ஏறியது.

தந்தி அடிக்கலாமா என்று யோசித்தோம். அம்புக்குறியைத் தந்தியில் எப்படி அடிப்பது?

"திங்கக்கிழம பரீட்ச வாசல்ல வச்சுச் சொல்லிரலாமா சேர்?"

"வேண்டாம். அந்த நேரத்தில சொன்னால் பிள்ளைக்குத் தெரிஞ்சதும் மறந்துபோகும். நான் நாளைக்குப் போறன்."

இரண்டு வசனத்துக்கு நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் போறேன் சேர்" என்றேன். அவர் மறுக்கவில்லை. தன் கையெழுத்துப் பிரதியை முழுக் கட்டாகக் கொண்டுவந்து தந்தார். ஒன்பதாம் பக்கம் மட்டும் போதும் என்றேன். "முழுக்கக் கொண்டு போம்" என்றார். ஏன் என்று மடுல்சீமையில்தான் விளங்கியது.

4. லயத்துச் சுவர்

சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பசறை தாண்டியதும் மழை தொடங்கியது. மடுல்சீமைக்கு முன்னால் ஒரு வளைவில் மண் சரிந்து கிடக்க, பஸ்ஸைத் திருப்பப் போவதாகச் சொல்லி எங்களை இறக்கிவிட்டார்கள். திரும்பிப் போகும் கடைசி பஸ் எப்போது என்று கேட்டேன். மூன்று மணிக்கு இதே வளைவில் என்றார்கள். குறிப்புக் கட்டை நனையாமல் சேலைக்குள் சொருகிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் ஒரே பயம். அவள் இன்றைக்கே பதுளைக்குப் புறப்பட்டிருந்தால்? எதிரே நடந்து இறங்கி வந்த ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தேன்.

அவள் வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய அப்பா மாரிமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மழைக்கு வேலை நிறுத்தி வந்து அடுப்படியில் குந்தியிருந்தார். "வாங்க தாயி, ஸ்கூல்லேருந்தா? இந்த மழையிலயா?" என்று எழுந்து நின்றார். முகத்தில் கலவரம். பாடசாலையிலிருந்து ஆள் வந்தால் கெட்ட செய்தி என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். அன்றைக்கு அவர் நினைத்தது சரி.

உள்ளே போனதும் சுவரைப் பார்த்தேன். குறிப்பின் பதினெட்டுப் பக்கத்தையும் கோதுமை மாப் பசையால் வரிசையாக ஒட்டியிருந்தாள். எழும்பினாலும் படுத்தாலும் கண்ணில் படட்டும் என்று. ஒன்பதாம் பக்கத்தில் என் படம். அதன் ஓரத்தில் பென்சிலால் இரண்டு சொல்: 'துண்டு ஏன்?'

அவளுடைய வகுப்புக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். சேர் கரும்பலகையில் கீறியதை அவள் அச்சொட்டாக எடுத்திருந்தாள். துண்டு துண்டாக, எதிர்ப்பக்க அம்போடு. அந்தப் படத்தின் குறுக்கே ஒரு கோடு அடித்திருந்தாள். கீழே அடிமட்டம் வைத்து என் படம் கீறப்பட்டிருந்தது.

"இத ஏன் அடிச்ச, செல்வராணி?"

"நோட்ஸ்ல வேற மாதிரி இருந்துச்சுக்கா. போர்டப் பாத்து நாந்தான் தப்பா எழுதிட்டேன்னு நெனச்சேன்."

"அப்ப 'துண்டு ஏன்'னு எழுதியிருக்கியே?"

"ரெண்டு பக்கமும் நேராப் போச்சுன்னா துண்டு எங்கேருந்து வருது, லிகேஸ் எதுக்குன்னு வெளங்கல. மூணு நாளா அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்பறம், டைப் அடிச்சு வந்தது தப்பா இருக்காதுன்னு அப்படியே பாடமாக்கிட்டேன்."

சரியாக எழுதியவள், என் எழுத்தை நம்பித் தன் எழுத்தை அடித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வந்த வேலை அழுவதற்கு அல்ல என்று அடக்கிக்கொண்டேன்.

"நீ எழுதுனதுதான் சரி. சேர் குடுத்ததும் அதுதான். நடுவுல மாத்துனவ நான்."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவர் முழுக்க ஒருதரம் பார்த்தாள். "அப்ப மத்த பக்கமெல்லாம் சரியாக்கா?" என்றாள்.

எனக்கே தெரியாது. திருத்தும்போது எங்கெங்கே திருத்தினேன் என்று யார் குறித்து வைத்தார்கள்? ஒரு பக்கத்தில் நம்பிக்கை போனதும் பதினெட்டுப் பக்கத்திலும் போய்விட்டது. பரீட்சைக்கு முன் மிச்சம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சேர் முழுக் கட்டையும் தந்தது இதற்குத்தான். நான் மூலத்தை உரக்க வாசித்தேன், அவள் சுவரில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவசரத்தில் நான் வரி தாண்டினால் "நில்லுங்கக்கா" என்று நிறுத்தினாள். மாரிமுத்து வாசலில் நின்று மழையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இடையில் தேத்தண்ணி தந்தார். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கித் திரும்பத் தந்தார்.

இன்னும் இரண்டு இடம் அகப்பட்டது. ஒன்று வெறும் ஒற்றெழுத்து. மற்றது பதினோராம் பக்கம். 'பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று' என்று சேர் இரண்டு தடவை எழுதியிருந்தார், பிறக்கும் இரண்டு டி.என்.ஏ.வுக்கும் தனித்தனியாக. ஒரே வரி இரண்டு முறை வந்துவிட்டது என்று நான் ஒன்றை எடுத்துவிட்டிருந்தேன்.

கைப்பையில் சிவப்புப் போத்தல் இருந்தது. சுவரில் ஒட்டின தாளில் பூசி, ஊதிக் காயவைத்து, மூலத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அம்புகளைத் திரும்பக் கீறினேன். 5க்குப் பக்கத்தில் 3. கோட்டைத் துண்டு துண்டாக விட்டேன். மாரிமுத்து போத்தலை எட்டிப் பார்த்து, "இது நகத்துக்குப் பூசுறதுங்களா?" என்று கேட்டார். செல்வராணி அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள்.

இரண்டு திருத்தலுக்கும் என்ன வித்தியாசம் என்று சேர் கேட்ட கேள்விக்கு அந்தச் சுவருக்கு முன்னால்தான் விடை கிடைத்தது. பொலிமரேஸ் பழைய இழையைப் பார்த்துத் திருத்துகிறது. நான் என் மண்டையைப் பார்த்துத் திருத்தினேன்.

வளைவுக்கு ஓடி வந்தபோது பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கையைக் காட்டி ஏறிவிட்டேன்.

5. பேர் பதிந்த கதை

திங்கட்கிழமை பரீட்சை மண்டபத்து வாசலில், அலுவலகத்துக்குப் பொய் சொல்லிவிட்டு நின்றேன். செல்வராணி வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்டாள்.

"அந்தக் கேள்வி வரலக்கா."

மதகில் உட்கார்ந்துவிட்டேன். மண்சரிவும் மழையும் ஓட்டமும் வராத கேள்விக்கு.

"வந்திருந்தாலும் பயமில்லக்கா" என்றாள். "உள்ள போறப்ப மனசுல ஒரு சந்தேகமும் இல்ல. அதுவே போதும்."

அதிபரிடம் சேர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். திட்டினார். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. பெறுபேறு வந்தது. செல்வராணியின் மார்க் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தடவையும் நன்றாக இருந்து கடைசியில் தவறியவள்தானே. பல்கலைக்கழகக் கடிதம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேர் கேட்டுப் போனதாகத் தகவல் வந்தது. தபால்காரர் வரும் நேரமெல்லாம் அடிப்பதை விட்டு எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் காலை மாரிமுத்து அலுவலக வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, நனைந்த குடை.

"தாயி, புள்ள பேரு பதிஞ்சிருச்சு" என்றார்.

என் விரல்கள் மெஷின் மேலேயே நின்றுவிட்டன. செக்ரோல், பெரட்டு, கூடை, என் அக்காவின் முதுகு என்று எல்லாம் கண்முன் வந்து போயின. எழுந்து நின்றேன். அவர் மடியிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. விஞ்ஞான பீடத்தில் மாணவியாகப் பதிவு செய்யப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது.

"அங்கதான் பதிஞ்சிருக்கு" என்றார். "இத ஒரு காப்பி அடிச்சுக் குடுங்க. கணக்கப்புள்ளகிட்ட காட்டணும், இனிமே பேரு கேட்டு வர வேணாம்னு."

தாளை மாட்டினேன். கண் கலங்கியதால் மேல் விலாசத்தையே இரண்டு முறை பார்த்துத்தான் அடித்தேன். பெயருக்கு வந்தபோது விரல் நின்றது. கடிதத்தில் 'செல்வாராணி' என்று இருந்தது. ஒரு துணைக்கால் கூடுதல். பழைய ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு திருத்தியிருப்பேன்.

பிரதி அடிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மூலத்தைப் பார்த்துத் திருத்துங்கள். மூலமே பிழை என்று பட்டால், ஓரத்தில் பென்சில் புள்ளி வைத்துவிட்டு எழுதியவரைக் கேளுங்கள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அப்படித்தான் வேலை செய்தேன்.

இருந்தபடியே 'செல்வாராணி' என்று அடித்து, ஓரத்தில் புள்ளி வைத்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாரிமுத்துவிடம் நீட்டினேன்.

"பேர்ல ஒரு கால் கூட விழுந்திருக்குங்க. அதத் திருத்த வேண்டியது அவங்கதான், நான் இல்ல. புள்ளய எழுதிக் கேக்கச் சொல்லுங்க."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்திரமாக மடித்து உறைக்குள் வைத்தார்.

"கூட ஒரு கால் இருந்துட்டுப் போகட்டும் தாயி. தூரம் போற புள்ள."